மொதல் துட்டு யாரு குடுத்தா?

ஏண்டா தம்பி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனைத் தடவிகினு, கோட்டு போட்ட ஒரு ஆளு அழறதைப் பாத்துகினு இருக்கியாமே? "கால்ல செருப்பு இல்ல, கையில அம்பது ரூபா, இன்னிக்கு அம்பது கோடி" — அதானே கதை? நல்ல கதைதான். எனக்கும் புடிக்கும். யாராவது சொன்னா நானும் வாயப் பொளந்துகினுதான் கேப்பேன். ஆனா நீ அதோட நிறுத்தலியே. விடியக்காத்தால நாலு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து, பச்சத் தண்ணியில குளிச்சிட்டு, செவுத்தப் பாத்து "நான் ஜெயிப்பேன், நான் ஜெயிப்பேன்"னு கத்தறியாம். உங்க ஆத்தா பயந்துபோயி, புள்ளைக்குக் காத்துக் கருப்பு எதனா அண்டிடிச்சோன்னு மந்திரிக்கறவன் வூட்டுக்கு வழி கேட்டா என்கிட்ட.

நாலு மணிக்கு எழுந்தா கோடீஸ்வரனா? நம்ம தெருவுல பால் கறக்கறவன் மூணரைக்கு எழுந்துக்கறான். அவங்கப்பனும் மூணரைக்குத்தான் எழுந்தான். மார்கழிப் பனியிலயும் எழுந்தான், ஐப்பசி மழையிலயும் எழுந்தான். இன்னும் அதே ஓட்டு வூடுதான். சீக்கிரம் எழுந்துக்கறதுதான் சூட்சுமம்னா, நம்ம ஊரு கருங்குழியில பாதிப் பேரு ஆளுக்கு ஒரு ஏரோப்ளேன் வாங்கி கழனியில நிறுத்தியிருக்கணும். இல்லையா பின்ன?

கோவிச்சுக்காதே, குந்து. கதையே பொய்யின்னு நான் சொல்ல வரல. ஏழைப்பட்டவன் மேல வந்தா எவனுக்குத்தான் சந்தோசம் இல்ல? கேக்கற உனக்கு நம்பிக்கை. சொல்ற அவனுக்குப் பெருமை. ஏற்கெனவே மேல குந்தியிருக்கறவனுக்கு ரெண்டத்தையும் விட நிம்மதி. "பாத்தியா, அவன் வந்துட்டான், நீ வரல, அப்ப கோளாறு உங்கிட்டதான்"னு சொல்லிட்டு, கூலியில அஞ்சு ரூபா கூட ஏத்தாம போயிகினே இருக்கலாம். ஒரே கதை மூணு பேருக்கும் இம்மாந்தோதா பொருந்துதுன்னா, எங்கியோ யாரோ எதையோ வெட்டி எடுத்திருக்கான்னு தோண வேணாமா?

வெட்டறதுல சினிமாக்காரன் யோக்கியன். 1992-ல 'அண்ணாமலை' வந்துச்சு. ரஜினி பால்காரரு. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள பெரிய ஓட்டல் மொதலாளி. அஞ்சு வருசம் கழிச்சு 'சூரியவம்சம்'. சரத்குமாரு பஸ்ஸு விடறாரு, சம்சாரம் கலெக்டராயிடுது. அதுவும் ஒரே பாட்டு. கொட்டாயில நாங்க விசிலடிச்சோம். ஆனா வெளிய வந்து டீ குடிக்கறப்போ, ஒரே பாட்டுல கலெக்டர் ஆவலாம்னு எவனும் நம்பல. சுருக்கறேன்னு வெளிப்படையாவே சுருக்கினான் அவன். மேடையில மைக்கு புடிக்கறானே, அவன் சுருக்கினதைச் சொல்றதில்ல. அங்கதான் தகராறு.

கடலூர்க்காரரு சி.கே. ரங்கநாதன் தெரியுமில்ல, கெவின்கேர் மொதலாளி? அண்ணந்தம்பிங்களோட ஒத்துப்போகாம 1983-ல 15,000 ரூபாயோட வூட்டை விட்டு வெளிய வந்து, சிக் ஷாம்பு போட்டவரு. "வெறும் 15,000 ரூபாயில்"னு எழுதறான் எழுதறவன். அப்போ பவுனு என்னா வெல தெரியுமா? ஆயிரத்து ஐந்நூறுக்குள்ள. அப்படின்னா அந்த 'வெறும்' துட்டு ஏறத்தாழ பத்துப் பவுனு. அந்தக் காலத்துல நம்ம பக்கம் ஒருத்தன் பத்துப் பவுனு போட்டுப் பொண்ணைக் கட்டிக் குடுத்தா, மூணு ஊரு தாண்டிப் பேச்சாயிடும். இன்னிக்குப் பத்துப் பவுனு என்னா வெலன்னு உன் போன்லயே தட்டிப் பாரு. பாத்துட்டு 'வெறும்'னு சொல்லு பாக்கலாம்.

அதவிடப் பெரிய மொதலு இன்னொண்ணு இருந்துச்சு அவருக்கு. அவங்கப்பா சின்னி கிருஷ்ணன். ஷாம்புவை பாட்டில்ல வித்தா பணக்காரன் மட்டும்தான் வாங்குவான், சின்னப் பாக்கெட்டுல போட்டா ரிக்‌ஷாக்காரனும் வாங்குவான்னு அப்பவே கணக்குப் போட்ட மனுசன். அப்பன் போனப்புறம் அண்ணந்தம்பிங்க வெல்வெட் ஷாம்பு வித்துகினு இருந்தாங்க. ஷாம்பு எப்படிக் கலக்கறது, எப்படி அடைக்கறது, கடைக்காரன் எப்ப காசு குடுப்பான், எப்ப நாள் கடத்துவான் — இதெல்லாம் அந்த வூட்டுல சோறு துன்னும்போதே காதுல வுழுந்திருக்கும். இதுக்கு எவ்ளோ வெல போடுவ நீ?

மனுசனைக் குத்தம் சொல்லாதே. அவரு மறைக்கவே இல்ல. சிக்குங்கற பேரே அப்பன் பேருலருந்து எடுத்து வெச்சதுதான். கெட்டிக்காரத்தனமும் கொஞ்சநஞ்சம் இல்ல. எந்தக் கம்பெனி ஷாம்புவா இருந்தாலும் சரி, காலிப் பாக்கெட்டு சிலதைக் கொண்டாந்து குடு, ஒரு சிக் பாக்கெட்டு சும்மா வாங்கிகினு போன்னார். ஜனம் குப்பையக் கெளறிப் பொறுக்கிகினு ஓடுச்சு. அப்புறம், சிக் பாக்கெட்டு மட்டும்தான் செல்லும்னார். அதுக்குள்ள ஊரு தலையெல்லாம் சிக்கு வாசனைக்குப் பழகிடுச்சு. இந்த மூளைய நான் கும்புடறேன். ஆனா கதைய மறுபடி மறுபடி சொல்றானே, அவன் அப்பனையும் கழட்டி விட்டான், பத்துப் பவுனையும் கழட்டி விட்டான். வூட்டை விட்டு வெளிய வந்த புள்ள மட்டும்தான் மிச்சம். நீ அதை நம்பிகினு உங்கப்பன்கிட்ட சண்டை போட்டுகினு வூட்டை விட்டுப் போறேன்னு பையத் தூக்கற.

இன்னொருத்தரு, வேலுமணி. கோயமுத்தூராண்ட ஒரு சின்ன ஊரு. கையகல நெலம் கெடையாது. ஆத்தா எருமை வெச்சுப் பால் வித்து புள்ளைங்களக் கரையேத்தினா. அந்தப் புள்ள பம்பாய் போயி, ரத்தம் சோதிக்கற தைரோகேர் கம்பெனிய ஆரம்பிச்சு, 2021-ல அதுல மூணுல ரெண்டு பங்கை 4,546 கோடிக்குக் கை மாத்துச்சு. "எருமையிலருந்து நாலாயிரம் கோடி!" படத்துக்குப் பேரு வெக்கலாம். நடுவுல என்னா இருந்துச்சுன்னு எவனாவது சொன்னானா உனக்கு?

நடுவுல பத்து வருசத்துக்கு மேல கவருமெண்டு உத்தியோகம். பாபா அணு ஆராய்ச்சி மையத்துல. நம்ம கல்பாக்கம் இருக்குதே, அதே துறைதான். கல்பாக்கத்துல மாப்ளைக்கு வேலைன்னா நம்ம ஜனம் சாதகம் கூடப் பாக்காம பொண்ணு குடுக்க நிக்கும். அந்த மாதிரி வேலை. வேலையில இருந்துகினே தைராய்டுல படிச்சு டாக்டர் பட்டம் வாங்கினாரு. சம்சாரத்துக்கு ஸ்டேட் பேங்குல வேலை. வெளிய வந்தப்போ பி.எஃப். பணம் ஒரு லட்சம் போலக் கையில இருந்துச்சு. அதான் மொதலு. அப்புறம் அந்தம்மாவும் வேலைய வுட்டுட்டு வந்து கூட நின்னாங்க. இத்தனையும் அவரே பேட்டிக்குப் பேட்டி சொல்றாரு. பெருமையாத்தான் சொல்றாரு. ஆனா உனக்கு வர்ற ஒரு நிமிச வீடியோவுல எருமை இருக்கும், கோடி இருக்கும். பி.எஃப். பணம் இருக்காது. பி.எஃப். பணத்துக்குப் பின்னாடி எவன் வயலின் வாசிப்பான்?

நீயும் போன மாசம் நல்ல வேலைய வுடப் போறேன்னு குதிச்ச. வுடு, வேணாங்கல. பி.எஃப். எவ்ளோ சேர்ந்திருக்குன்னு பாத்துட்டு வுடு.

இப்ப நெஜமாவே நேர்மையாச் சொன்ன ஒரு கதை சொல்லட்டா? பாட்ரிசியா நாராயண்னு ஒரு அம்மா. மெட்ராஸ்ல மெரினா பீச்சுல, 1982-ல, தள்ளுவண்டி போட்டாங்க. மொத நாளு வித்தது ஒரே ஒரு காப்பி. அம்பது காசு. அன்னிக்கு ராத்திரி வூட்டுக்கு வந்து அந்தம்மா அழுதுச்சாம். பெத்தவ சொன்னாளாம், ஒண்ணாவது வித்துச்சே, நாளைக்கு இன்னும் விக்கும் போன்னு. மறுநாளு அறுநூறு எழுநூறு ரூபாய்க்கு ஓடிடிச்சு. அப்புறம் கேன்டீன் மேல கேன்டீன். 2006-ல புள்ளையோட சேந்து சொந்த ஓட்டலு. 2010-ல ஃபிக்கி சங்கம் டில்லியில கூப்புட்டு விருது குடுத்துச்சு.

"அம்பது காசுலருந்து லட்சக்கணக்குல!" உன் போன்ல இதான் வந்திருக்கும். அந்தம்மா வாயால சொன்னதைக் கேளு. அப்பா அம்மா ரெண்டு பேருமே கவருமெண்டு உத்தியோகம். பாத்தியா, மொத வரியிலயே ஏழ்மை போச்சு! புடிச்சவனைக் கட்டிகினு, அவன் குடிச்சுக் கூத்தடிச்சு, கைப்புள்ளைங்களோட அப்பன் வூட்டுக்கே திரும்பி வந்தாங்க. பெத்தவகிட்ட கொஞ்சம் பணம் கடனா வாங்கி ஊறுகாய், ஸ்குவாஷ் போட்டு வித்தாங்க. அது ஆத்தா ஆபீஸுலயே வித்துப் போச்சு. வண்டி எங்கருந்து வந்துச்சு? அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டரு, மாத்துத்திறனாளிங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினவரு, குடுத்தாரு. சும்மா இல்ல. ரெண்டு மாத்துத்திறனாளிங்களைக் கூட வெச்சுத் தொழில் கத்துத் தரணும்னு சொல்லிக் குடுத்தாரு. வண்டி கைக்கு வந்தா போதுமா? மெரினாவுல நிறுத்தணுமே. பொதுப்பணித்துறை அனுமதி வாங்கறதுக்குக் கோட்டைக்கு ஒரு வருசம் நடந்தாங்க.

என்னா அருமையான கணக்கு பாரு! கடன் குடுத்தது யாரு, வண்டி குடுத்தது யாரு, எந்த ஆபீஸுல எத்தினி நாளு காலு தேஞ்சுது — ஒண்ணு விடாம சொல்லியிருக்காங்க. இதைக் கேட்டா அந்தம்மா மேல மதிப்பு கொறையுதா? எனக்குக் கூடுது. ஏன்னா இப்பதான் எனக்குப் புரியுது, அது எப்படி நடந்துச்சுன்னு. அம்பது காசு லட்சமாச்சுன்னு மட்டும் சொன்னா அது மந்திரம். கையத் தட்டிட்டுப் போகலாம். ஒரு வருசம் கோட்டைக்கு நடந்தாங்கன்னு சொன்னா, நாளைக்கு நீ தாலுக்கா ஆபீஸுல காத்துக் கெடக்கறப்போ உனக்கு அது உதவும்.

அந்தம்மா கதையில ஒரு துண்டு நம்ம ஊரு பக்கம் கெடக்கு. நெறைய பேருக்குத் தெரியாது. 2004-ல கல்யாணம் ஆன கொஞ்ச நாள்லயே மகளும் மருமகனும் கார்ல போய் அச்சரப்பாக்கத்தாண்ட விபத்துல செத்துட்டாங்க. இதே ஜி.எஸ்.டி. ரோடுதான். ஆம்புலன்ஸ்காரன் பொணத்தை ஏத்த மாட்டேன்னுட்டான். வேற ஒருத்தரு கார் டிக்கியில வெச்சு எடுத்தாந்தாங்க. அப்புறம் அந்தம்மா அச்சரப்பாக்கத்துலயே ஒரு ஆம்புலன்ஸ் வண்டி நிறுத்தினாங்க. அடிபட்டவன் உசுரோட இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, ஏத்திகினு போகணும்னு. மேடையில கைதட்டல் வாங்கற கதைங்க எத்தினியோ. அந்த வண்டி சமாச்சாரம் தெரிஞ்சப்புறம் இந்த ஒரு கதையில எனக்கு வேற கேள்வியே வரல.

இந்த வெட்டு வித்தையெல்லாம் நம்ம ஊருச் சரக்குன்னு நெனக்காதே. என் பேத்தி செங்கல்பட்டு காலேஜுல இங்கிலீஷு படிக்குது. அது சொல்லுச்சு. அமெரிக்காவுல ஹொரேஷியோ ஆல்ஜர்னு ஒருத்தரு. 1868-லயே 'ராகெட் டிக்'னு ஒரு கதை எழுதினாராம். ஷூ பாலீஷ் போடற பையன் பெரிய மனுசன் ஆகறான். அதே மாதிரியே வருசாவருசம் எழுதித் தள்ளினாராம். இன்னிக்கு வரைக்கும் அங்க கந்தலு டூ கோடி கதைன்னா அவரு பேருதான் சொல்றாங்களாம். நான் கேட்டேன், "சரி கண்ணு, பையன் எப்படி மேல வர்றான்? நாலு மணிக்கு எழுந்தா?" அது சிரிச்சுது. "இல்ல தாத்தா, ஒரு பணக்காரர் கொழந்த படகுலருந்து தண்ணியில வுழுந்துடுது. இவன் குதிச்சுக் காப்பாத்தறான். அப்பங்காரன் வேலை போட்டுக் குடுத்துடறான்." கேட்டியா சேதியை? எல்லாரும் உழைப்பு உழைப்புன்னு கும்புடற கதையிலயே, கடைசியில சோறு போட்டது ஒரு மொதலாளி புள்ள தண்ணியில வுழுந்ததுதான்! எழுதின ஆல்ஜராவது பணக்காரரா செத்தாரான்னு கேட்டேன். இல்லையாம்.

சரி, எல்லாத்தையும் வெட்டாம எழுதிட்டா போதுமான்னா, அதுவும் போதாது. சரவண பவன் ராஜகோபால் அண்ணாச்சி கதைய எடுத்துக்கோ. தெக்க புன்னையடின்னு ஒரு குக்கிராமம். மெட்ராஸ் வந்து, கே.கே. நகர்ல மளிகைக் கடை. 1981-ல ஓட்டல் வெச்சாரு. நல்ல சாமான் போடணும்னு அடம் புடிச்சு மொதல்ல நஷ்டப்பட்டாரு. அப்புறம் கடல் தாண்டியும் கெளை. வேலை செய்றவங்களுக்கு வைத்தியச் செலவு, புள்ளைங்க படிப்புச் செலவுன்னு பாத்துகினதை இன்னிக்கும் அவங்களே சொல்றாங்க. 1997-ல தன் கதையப் புத்தகமாவே போட்டாரு.

நாலு வருசந்தான். 2001-ல, தன்கிட்ட வேலை பாத்த ஒருத்தரோட மகளைக் கட்டிக்கணும்னு ஆசைப்பட்டு, அந்தப் பொண்ணோட புருசனைக் கொல்ல வெச்சாருன்னு வழக்கு. 2004-ல செஷன்ஸ் கோர்ட்டு பத்து வருசம் குடுத்துச்சு. 2009-ல ஐகோர்ட்டு ஆயுள் தண்டனை ஆக்குச்சு. 2019-ல சுப்ரீம் கோர்ட்டு ஆமாம்னு சொல்லிடிச்சு. ஜூலையில சரணடைஞ்சவரு, அந்த மாசமே ஆஸ்பத்திரியில செத்துப்போனாரு.

புத்தகத்துல இருந்தது பொய்யா? பொய்யின்னு நான் சொல்லமாட்டேன். மளிகைக் கடை நெஜம், நஷ்டம் நெஜம், சாம்பாரும் நெஜம். ஆனா மனுசன் முடியறதுக்கு முன்னாடியே புத்தகத்தை முடிச்சுட்டாங்க. சாம்பார் நல்லா இருந்துச்சேன்னு சமைக்க வெச்சவனை சாமியாக்கிட முடியுமா? தொழில்ல ஜெயிச்சவன் தொழில்ல ஜெயிச்சவன், அவ்ளோதான். நீங்க என்னாடான்னா, அவன் பொண்டாட்டியோட எப்படிக் குடும்பம் நடத்தறது, புள்ளைய எப்படி வளக்கறது, எத்தினி மணிக்கு வெளிய போறது வரைக்கும் அவன்கிட்டயே கேக்கறீங்க. புருசனைப் பறிகொடுத்த அந்தப் பொண்ணுக்கும் ஒரு கதை இருக்கு. கோர்ட்டு கோர்ட்டா ஏறி ஜெயிச்ச கதை. அதை எந்த மண்டபத்துலயும் டிக்கெட் போட்டு சொல்லக் காணோம்.

தோத்தவனையும் ஒரு நாளு மேடை ஏத்துங்கடா. நம்ம ரோட்டோரத்துல ஒருத்தன் ஓட்டல் வெச்சிருந்தான். உனக்குத் தெரியாது, நீ அப்ப தொட்டில்ல. பேரு வேணாம், அவன் புள்ளைங்க இங்கதான் கீறாங்க. மூணு மணிக்கு அடுப்பு பத்த வெப்பான். இட்லி பஞ்சு. கல்லாவுல ஒரு காசு தப்பு வராது. தெக்கத்தி பஸ்ஸெல்லாம் அவன் வாசல்ல நிக்கும். கண்டக்டருக்கு ஓசி டிபன், டிரைவருக்கு ஒரு ஆம்லெட் சேத்து. அப்புறம் ரோட்டை நாலு வழியாக்கினாங்க. நடுவுல தடுப்புக் கட்டை வெச்சாங்க. அவன் ஓட்டலு அந்தாண்ட மாட்டிகிச்சு. பஸ்ஸுக்காரன் திரும்பி வரணும்னா ரொம்ப தூரம் போய்ச் சுத்தணும், எவன் வருவான்? ரெண்டு வருசம் தாக்குப் புடிச்சான். மூணு மணிக்கு எழுந்துகினேதான் இருந்தான். அப்புறம் வித்துட்டு, மாமனார் ஊருக்குப் போயிட்டான். ரோட்டுக்கு எதிர்த்தாப்புல கடை வெச்சிருந்தவன் சாதாரணமாத்தான் சுடுவான் இட்லி. இன்னிக்கு மூணு மாடி. அவனைக் கூப்புட்டு மாலை போட்டு, "உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?"ன்னு கேட்டாங்க. "தரம்"னான். தடுப்புக் கட்டைன்னு சொல்ல அவனுக்கு வாய் வருமா?

இப்படி வெட்டறது இன்னிக்கு வந்த பழக்கமும் இல்ல. மதுராந்தகம் ஏரியப் பாரு. லயோனல் பிளேஸ்னு ஒரு கும்பினி கலெக்டர் தொரை. 1798-ல பேய் மழை. கரை ஒடைஞ்சா நம்ம ஊரெல்லாம் தண்ணிக்குள்ள. ராத்திரி தொரை போய்ப் பாக்கறாரு, ராமரும் லட்சுமணரும் வில்லும் கையுமா கரையில நிக்கறாங்க. கரை நின்னுடிச்சு. கரை நின்னா தாயார் சன்னதி கட்டித் தரேன்னு சொல்லியிருந்த தொரை, சொன்ன சொல்லு தவறாம கட்டிக் குடுத்தாரு. அவரு பேரு கல்லுல வெட்டியிருக்கு. சாமிக்கும் ஏரி காத்த ராமர்னு பேரு வந்துச்சு. சாமிகிட்ட எனக்கு வம்பு வேணாம், வயசாயிடிச்சு, சீக்கிரம் நேர்ல பாக்க வேண்டி வரும். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த மழையில கூடை கூடையா மண்ணு சொமந்து கரையில கொட்டினவன், கலங்கல்ல நின்னவன், மதகுல முங்கினவன், அவங்க பேரு எந்தக் கல்லுல இருக்கு? சுத்துப்பட்டு ஆளுங்கதான் சொமந்திருக்கணும். உங்க பூட்டனா கூட இருந்திருப்பான். கல்லு வெட்டறவனுக்குக் கூலி குடுத்தவன் பேருதான் கல்லுல இருக்கும். அன்னிக்கும் அப்படித்தான், இன்னிக்கும் அப்படித்தான்.

இதுல இப்ப புதுசா ஒரு தொழில் கெளம்பியிருக்கு. ஏழ்மைய வாடகைக்கு எடுக்கறது. போன தையில நம்ம பக்கத்து மண்டபத்துல ஒரு பெரிய மனுசன் பேசினான். ரேஷன் அரிசிக் கஞ்சி குடிச்சு வளந்தேன்னு தொண்டை அடைச்சான். கர்ச்சீப்பு எடுத்தான். பொம்பளைங்கல்லாம் மூக்கை உறிஞ்சினாங்க. அவங்க வூட்டுக்கு சொந்தமா ரைஸ் மில்லு இருந்துச்சு தம்பி. அங்க மூட்டை தூக்கினவன் நான்! எழுந்து சொல்லலாமான்னு பாத்தேன். சாப்பாட்டுக்குக் கூப்புடறாங்கன்னாங்க. குந்திட்டேன். வடை நல்லாத்தான் இருந்துச்சு.

மாமல்லபுரம் போனா அர்ச்சுனன் தபசுப் பாறையில கீழ ஓரமாப் பாரு. ஒரு பூனை, ஒத்தக் கால்ல நின்னு, கையத் தூக்கித் தவம் பண்ணுது. சுத்தி எலிங்க பக்தியோட நிக்குது. மைக்கு முன்னாடி கஞ்சிக் கதை சொன்னவனைப் பாத்தப்போ எனக்கு அந்தப் பூனைதான் கண்ணுல வந்துச்சு. ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முன்னாடியே பல்லவன் காலத்து சிற்பி இவனுங்களைப் பாத்துட்டுத்தான் செதுக்கியிருக்கான்.

நம்ம ஊருக்கும் ஒரு வாய்ப்பு வந்துச்சு, நாமதான் கோட்டை வுட்டோம். வெளியூர்க்காரங்க அப்பப்போ கார்ல வந்து எறங்குவாங்க. "ஐயா, வள்ளலார் தண்ணியில வெளக்கு எரிச்ச கருங்குழி இதானுங்களா?"ம்பாங்க. இல்லீங்க, அது வடலூராண்ட இருக்கற கருங்குழி, வந்த வழியே தெக்க போங்கன்னு வழி சொல்லி, மோரும் குடுத்து அனுப்புவோம். பேரு ஒண்ணுதானேன்னு ஒரு ஓட்டு வூட்டைக் காட்டி, வெளக்கு ஒண்ணு ஏத்தி, பக்கத்துல தட்டு ஒண்ணு வெச்சிருந்தா, நானும் இன்னிக்கு மண்டபத்துல பேசிகினு இருப்பேன்.

இப்ப உனக்கு வேலை. அடுத்த தபா எவனாவது மேடையில "யாருமே இல்லாம வந்தேன்"னு ஆரம்பிச்சான்னா, கையத் தூக்கி ரெண்டு கேள்வி கேளு. மொதல் துட்டு யாருங்க குடுத்தா? நீங்க ஊரு சுத்தின வருசத்துல வூட்டுல ஒலை வெச்சது யாருங்க? மரியாதையாவே கேளு, சிரிச்சுகினே கேளு. பேரைச் சொன்னான்னா அவன் உண்மையானவன், காலடியில குந்தி மிச்சத்தையும் கத்துக்கோ. "நல்ல கேள்வி, அதுக்கு நம்ம மூணு நாள் பயிற்சியில பதில் இருக்கு, கட்டணம் மட்டும்"னு இழுத்தான்னா, செருப்பைத் தேடு.

தொழில் பண்ணாதேன்னு சொல்றேன்னு நெனச்சுக்காதே. நாலு மணிக்கு எழுந்து செவுத்துகிட்ட பேசறதை நிறுத்திட்டு, ஏழு மணிக்கு எழுந்து என்கிட்ட வா. பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கடை காலியாவுது. சர்வீஸ் ரோட்டைப் பாத்த கடை, தடுப்புக் கட்டை தொல்லை இல்ல. கடைக்காரன் எனக்கு வேண்டியவன், அட்வான்ஸுல கொஞ்சம் கொறைக்கச் சொல்றேன். மீதிக்கு உங்க ஆத்தா சங்கத்துல கடன் எடுத்துத் தரும், ஏற்கெனவே கேட்டுட்டேன். வாடகைப் பத்திரத்துல சாட்சிக் கையெழுத்து நான் போடுவேன். நகல் ஒண்ணு என் பொட்டியில பத்திரமா இருக்கும். நாளைக்கு நீ பெரிய ஆளாகி, கோட்டு மாட்டிகினு "தனி ஆளா வந்தேன்"னு எங்கியாவது வாயத் தொறந்தியோ, அந்த நகலோட வந்து மொத வரிசையில குந்திக்குவேன், ஆமா.